பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு சிகரெட்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறந்தான். இரண்டு நாள் தாங்காது என்றார்கள், தாங்கினான். பதினோரு வயதில் கூரை வேலைக்குப் போனான். முதல் மூன்று நாள் சாரத்தின் மேல் ஏறியதும் வாந்தி எடுத்தான். நாலாம் நாள் எடுக்கவில்லை. அதன் பிறகு முப்பது வருஷம், முப்பது நாற்பது அடி உயரத்தில் மல்லாந்து படுத்தபடியே வேலை பார்த்தான். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கரண்டிக் காம்பால் அடிப்பார். இவன் தன்னிடம் வேலைக்கு வந்த யார் மீதும் கை நீட்டியதில்லை. பெண் கேட்டுப் போனபோது மாமனார் மூன்று முறை முடியாது என்றார். நாலாம் முறை போனவன், பெண்ணைப் பற்றிப் பேசாமல் அவர் வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த கூரையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டான். அடுத்த வாரம் அவரே ஆள் அனுப்பினார். ஒரு வங்கியின் பெரிய கூடத்துக் கூரை அலங்காரத்துக்கு நாலு பேரிடம் மாதிரி கேட்டார்கள். மற்ற மூன்று பேரும் கணினியில் வரைந்த படம் கொண்டுவந்தார்கள். இவன் பிளாஸ்டரில் வார்த்த ஒரு பூவைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். வேலை இவனுக்குத்தான் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. இருபத்தெட்டு வருஷமாக நாளுக்கு இருபது சிகரெட் பிடித்தவன், இருபத்தொரு நாளும் இருபத்திரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி வரையும் ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் இருந்தான். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து இதை மறுதட்டில் வைத்தால், இந்தத் தட்டுதான் கீழே இறங்கும்.

நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். ஏழாம் வகுப்பு வரை படித்தேன். துணி ஆலையில் தைத்து வரும் சட்டைகளில் பட்டன், காஜா ஓட்டை, காலர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைப்பது என் வேலை. அவனும் அவன் மனைவியும் மாடி அறையில் இருந்தார்கள், நான் கீழ் அறையில். வேலையிடத்தில் அவனுக்கு வெள்ளை என்று பெயர். ஆள் கறுப்புதான். ஆனால் தலைமயிர், புருவம், காது மடல் எல்லாவற்றிலும் பிளாஸ்டர் மாவு படிந்திருக்கும். குளித்துவிட்டு வந்தால் சில பேருக்கு அடையாளமே தெரியாது.

அவன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். கூரையில் பதிக்கும் பூக்கள், கொடிகள், விளிம்புப் பட்டைகள் எல்லாவற்றையும் அச்சில் வார்த்து எடுப்பார்கள். பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து அச்சில் முதல் பூச்சு ஊற்ற வேண்டும். அதுதான் வெளியே தெரியும் முகம். பிறகு சணல் நாரைப் பரப்பி, அதன் மேல் இரண்டாம் பூச்சு. நார்தான் பலம். இந்த இரண்டு பூச்சுக்கும் நடுவே ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரத்தில் நார் அமிழ்ந்து முகத்தில் மயிர் மயிராகத் தெரியும். தாமதித்தால் முதல் பூச்சு இறுகிவிடும், இரண்டாம் பூச்சு அதோடு சேராது. பார்வைக்கு ஒன்றாக இருக்கும். உள்ளே இரண்டாக இருக்கும்.

அந்த ஆறு நிமிடத்துக்கு அவர்களுடைய கடிகாரம் சிகரெட். கை முழுக்க மாவு, கைக்கடிகாரம் கட்ட முடியாது. அடிக்கடி தண்ணீரில் கை விட வேண்டும். கற்றுக்கொடுத்தவர் பதினாலு வயதில் இவன் வாயில் ஒன்றை வைத்து, “இது முடிஞ்சதும் ரெண்டாவத ஊத்து” என்றார். அவ்வளவுதான் பாடம். ஒரு வார்ப்புக்கு ஒரு சிகரெட். நாளுக்கு இருபது வார்ப்பு.

நாற்பத்திரண்டு வயதில் இடது கால் வலிக்க ஆரம்பித்தது. தெருமுனைவரை நடந்தால் கெண்டைக்கால் இறுகி, நின்றுவிடுவான். செருப்பு கடித்தது என்று சொன்ன புண் மூன்று மாதம் ஆறவில்லை. சுண்டுவிரல் நுனி கறுத்தது. மாவு வெள்ளையில் அது நன்றாகத் தெரிந்தது.

மருத்துவமனையில் ரத்தக்குழாய் பார்க்கும் டாக்டர் அம்மா, சுற்றி வளைத்துப் பேசாதவர். காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“அக்கா.”

“அப்ப நீங்களும் கேட்டுக்கங்க. இவர் கால்ல ரத்தக்குழாய் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வருது. மூடுறது சிகரெட். நிறுத்தினா கால் நிக்கும். நிறுத்தலைன்னா கால் போகும்.”

“கொறச்சுக்கிறேன் டாக்டர்” என்றான் தம்பி.

“எத்தனையா?”

“ரெண்டு.”

“இருபதுக்குக் கால், ரெண்டுக்கு விரல்னு அது பேரம் பேசாதுங்க. ஒண்ணு போதும், அது பாட்டுக்கு மூடிக்கிட்டே போகும்.”

அவன் மனைவி தயங்கித் தயங்கி, “மெல்லுற மாத்திரை, தோள்ல ஒட்டுற பட்டையெல்லாம் இருக்காமே?” என்று கேட்டாள்.

“மத்தவங்களுக்குத் தாராளமா கொடுப்பேன்மா. இவருக்கு வேணாம். அதுலயும் இருக்கிறது அதே நிக்கோட்டின்தான்.”

“அப்ப எனக்கு என்னதான் தருவீங்க?” என்று சிரித்தான் இவன்.

“புத்திதான்” என்றார் டாக்டர். அவரும் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: ஆசை நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கிளம்பும், ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு நிமிடம். நாள் முழுக்கப் பிடிக்காமல் இருக்கப் போகிறேன் என்று மலைக்க வேண்டாம், அந்த ஐந்தாறு நிமிடத்தை மட்டும் கடந்தால் போதும். முதல் மூன்று வாரம்தான் மோசம்.

வெளியே வந்து படியிறங்கும்போது அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, அஞ்சாறு நிமிஷந்தானாம். என் பொழப்பே அந்த அஞ்சாறு நிமிஷந்தானே” என்றான்.

2018 நவம்பர் 12, திங்கட்கிழமை, முதல் நாள். புண்ணுக்காக எட்டு நாள் விடுப்பு போட்டிருந்தான். நான் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி, ஆசை கிளம்பும் நேரத்தை எல்லாம் குறித்தேன். நான் ஆலைக்குப் போயிருக்கும்போது அவன் மனைவி ஒரு கோடு போட்டு வைப்பாள். முதல் நாள் முப்பத்தொரு தடவை. இரண்டாம் நாள் முப்பத்து நாலு. மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் குறிக்க முடியவில்லை. ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது.

மற்றவர்களிடம் கேட்டால் நட, ஓடு, மனதை மாற்று என்பார்கள். இவன் கால் நடக்கிற கால் இல்லை. நாலு சுவருக்குள் ஒரு கட்டில். கேரட்டைச் சிகரெட் நீளத்துக்கு நறுக்கி டம்ளரில் நிறுத்தி வைத்தேன். ஒரு நாளில் ஒரு கிலோ தின்றான். ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டான். பிரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டி எடுத்து உள்ளங்கையில் உருகும்வரை பிடித்துக்கொண்டான். கூரையைப் பார்த்துக்கொண்டு, அதில் எத்தனை பூ வார்க்கலாம் என்று எண்ணினான். கொஞ்ச நேரம் அது வேலை செய்தது. பிறகு ஒவ்வொரு பூவுக்கும் ஒரு சிகரெட் நினைவுக்கு வந்து, அதையும் விட்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தட்டைச் சுவரில் எறிந்தான். அவன் மனைவி பெருக்கிக்கொண்டே, “சுவத்துக்குப் பசியா இருந்திருக்கும்” என்றாள். அவன் சிரிக்கவில்லை, கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொஞ்சம் கழித்து முதுகு குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். சிரிப்பு இல்லை.

நாலாம் நாள் அவனுடைய வேலைச் சட்டைகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். பை மூலைகளில் புகையிலைத் தூள் இருக்கும் என்று ஒவ்வொன்றையும் புரட்டித் தேய்த்தேன். ஐந்தாம் நாள் காலை, அவன் கொடிக்குப் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நின்று, உலர்ந்த சட்டையின் பைத் தையலை முகத்தில் வைத்து மோந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “சோப்பு வாசந்தான் அக்கா இருக்கு. நல்லாத்தான் துவைச்சிருக்க” என்றான்.

ஏழாம் நாள் அவன் மனைவி கீழே வந்து என் கதவைத் தட்டினாள். “அண்ணி, இவர் தூங்குறப்போ ரெண்டு விரலை உதட்டுல வச்சு உறிஞ்சுறாரு. எழுப்பவா, விடவா?”

“விடு. அதுல கால் போகாது” என்றேன்.

ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனான். ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடம். நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு பூ, சுற்றி எட்டு இதழ்கள், ஒவ்வொரு இதழையும் சாரத்தின் மேலேயே தனித்தனியாக வார்த்துக் கூரையில் சேர்க்க வேண்டும். கான்ட்ராக்டர் டிசம்பர் முதல் வாரத்துக்குள் நடுப்பூ மேலே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். இவனோடு பதினைந்து வருஷமாக வேலை பார்க்கும் கூட்டாளி ஒருவர் இருந்தார். உயரமான மனிதர், ஏணி என்று கூப்பிடுவார்கள். அவரும் புகைப்பவர். ஆனால் இவன் வந்த நாளிலிருந்து வெளியே போய்த்தான் பற்றவைப்பார். அந்த மரியாதை அவரிடம் இருந்தது. நாக்குதான் சும்மா இருக்காது.

“என்னடா வெள்ளை, டிபன் பாக்ஸ் நிறைய கேரட்டு? முயலாயிட்டியா? காது எப்ப முளைக்குது?”

“காது முளைச்சா உன் பேச்சு இன்னும் நல்லா கேக்கும். அதான் பயமா இருக்கு.”

இதையெல்லாம் அவன் சாயங்காலம் வந்து எங்களிடம் சொல்லுவான். முதல் இரண்டு நாள் சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்தினான்.

ஆசை கிளம்புவது ஒரு நாளில் பன்னிரண்டு தடவைக்குக் குறைந்திருந்தது. டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டும் ஒரே இடத்தில் வந்தன, முதல் பூச்சு ஊற்றி முடித்து வாளியைக் கீழே வைத்த அந்த நொடியில். ஏணி தன் செல்போனில் ஆறு நிமிடத்தில் மணி அடிக்கும்படி வைத்துக் கொடுத்தார். அப்படியும் நடக்கவில்லை.

பதினேழாம் நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, அவன் மாடிப்படியில் ஐந்தாவது படியில் உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் ஏற முடியவில்லை. எப்போது வந்தான் என்று தெரியாது. அவன் மனைவி இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்தாள்.

“என்னடா?”

“நாலு இதழ ஒடச்சுப் போட்டாச்சு அக்கா. எல்லாத்துலயும் நார் முகத்துக்கு வந்துருச்சு.”

“மணிதான் வச்சிருக்கீங்களே?”

“மணி அடிக்கும். அதுவரைக்கும் என் கை நிக்கணுமே. வேலை செய்யும்போது ஒண்ணும் இல்ல. சும்மா நிக்கிற அந்த ஆறு நிமிஷத்துல யாரோ நெஞ்சுக்குள்ள கைய விட்டுப் பெசையிற மாதிரி இருக்கு. பொறுக்க முடியாம ரெண்டாவத எடுத்து ஊத்திடுறேன். ஊத்தினாத்தான் கைக்கு வேலை கெடைக்குது.” முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கான்ட்ராக்டர் வேற ஆள் கேட்டிருக்காராம். முப்பது வருஷம் அக்கா. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். கால் இருக்கும், எதுக்கு இருக்கும்?”

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் முத்திரை வைத்து அனுப்பிய எந்தச் சட்டையும் திரும்பி வந்ததில்லை. இது வந்தது.

“பிடிக்க வேணாம். பத்தவச்சு சாரப் பலகை ஓரத்துல வையி. அது பாட்டுக்கு எரியட்டும். பாத்துக்கிட்டு இரு. முடிஞ்சதும் ஊத்து.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அது சரியா வருமா அக்கா?”

“வாயில வைக்கலையே. புகை உனக்குள்ள போகலையே. அப்புறம் என்ன?”

அவன் மனைவி மெதுவாக, “அண்ணி, அத அவர் கண்ணு முன்னாடியே வச்சுக்கிட்டா…” என்று ஆரம்பித்தாள்.

“வேற வழி இருந்தா நீ சொல்லு” என்றேன். வேறு வழி அவளிடமும் இல்லை.

பதினெட்டாம் நாள் ஏணி பற்றவைத்துக் கொடுத்தார். இவன் அதைக் கையாலும் தொடவில்லை. பலகை விளிம்பில் ஒரு ஆணியடித்து, அதில் சாய்த்து வைக்கச் சொன்னான். முதல் பூச்சு ஊற்றுவான், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். சாம்பல் வளைந்து நீண்டு விழும். நுனிவரை எரிந்ததும் நாரைப் பரப்பி இரண்டாம் பூச்சு ஊற்றுவான். அன்று சாயங்காலம் ஒவ்வொரு படியாக நொண்டி ஏறி வந்தவன் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது.

“மூணு இதழ் அக்கா! முகம் கண்ணாடி மாதிரி வந்திருக்கு. ஒரு நார் தெரியல.”

பத்தொன்பதாம் நாளோடு எட்டு இதழும் முடிந்தன. இருபதாம் நாளும் இருபத்தொன்றாம் நாளும் நடுப்பூவை மேலே ஏற்றி இறுக்கினார்கள். அந்த நாலு நாளில் ஆசை கிளம்பியது என்று அவன் சொல்லிக் குறித்தது மொத்தமே ஆறு தடவை. நோட்டில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆலையில் பக்கத்து மேசைக்காரியிடம்கூடச் சொன்னேன். மூன்று வாரம் முடிந்துவிட்டது, டாக்டர் சொன்ன மூன்று வாரம்.

இருபத்திரண்டாம் நாள், டிசம்பர் 3. பிற்பகல் மூன்று மணிக்கு நடந்ததை ஏணிதான் எனக்குச் சொன்னார். அன்று சாயங்காலம் இவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர், வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

எல்லாரும் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் சாரத்தின் மேல், ஓரப்பட்டைக்கு வார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னதாக ஒரு சத்தம், பிஸ்கட் உடைகிற மாதிரி. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மூன்றாவது இதழின் முகம் முழுசாகப் பெயர்ந்து கீழே விழுந்தது. முதுகு மேலேயே இருந்தது, சணல் நாரோடு. பிறகு ஐந்தாவது இதழ். பிறகு அதற்குப் பக்கத்து இதழ். கீழே புதிதாகப் போட்ட தரைக்கல் இரண்டு உடைந்தது. ஆள் யாரும் இல்லை, அது ஒன்றுதான் புண்ணியம்.

கான்ட்ராக்டர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். திட்டவில்லை. “வெள்ளை, உன்ன நம்பித்தானேய்யா மத்தவன எல்லாம் வேணாம்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது பலகை ஓரத்து ஆணியில் ஒன்று பாதி எரிந்துகொண்டிருந்தது. இவன் அதை எடுத்தான். நாலே இழுப்பில் முடித்தான்.

“நான் தட்டிவிட்டிருக்கலாம்கா” என்றார் ஏணி. பேச்சுக்குப் பேச்சு கிண்டலடிக்கும் மனிதர், தலையைக் குனிந்துகொண்டிருந்தார். “ஒரு எட்டுதான். அவன் மூஞ்சியப் பாத்தேன். கை வரல.”

அவர் போன பிறகு நான் தம்பியிடம் கேட்டேன். “முதல் பூச்சு இறுகியிருக்கா? சிகரெட்டு முடிஞ்சதும்தானே ஊத்தின?”

“நான் இழுத்தா அது ஆறு நிமிஷம் அக்கா. யாரும் இழுக்காம விட்டா மெதுவாத்தான் எரியும்.”

“உனக்கு இது தெரியுமா?”

“ரெண்டாவது இதழ்லயே தெரியும். அச்சுல ஒரு விரல வச்சா போதும், இறுகிடுச்சான்னு கைக்குத் தெரியாதா? முப்பது வருஷக் கை.” தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். “வைக்கல. அது எரிஞ்சு முடியிற வரைக்கும் என்னால கண்ண எடுக்க முடியல.”

புகைப்பழக்கம் இல்லாதவள் நான். எரியும் எல்லாம் ஒரே வேகத்தில் எரியும் என்று நினைத்திருக்கிறேன். மறுநாள் ஆலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கடையில் போய் ஒரு சிகரெட் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஜன்னல் விளிம்பில் பற்றவைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு நிமிடம் இருபது வினாடி. அதை முன்னால் செய்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி எழுத மனம் இல்லை. ஆனால் விட்டுவிடவும் கூடாது. அவன் மறுபடி முயன்றான். டிசம்பரில் ஒரு முறை நாலு நாள். ஜனவரி முதல் வாரத்தில் மூன்று நாள். அதற்குப் பிறகு ஒரு நாள், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட முழுதாக இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தொடர்ந்து இருந்த நாள்களின் பலம் எதுவும் அடுத்த முறைக்குக் கூட வரவில்லை. அந்த முதல் நாளின் முப்பத்தொரு தடவை மட்டும் அப்படியே திரும்பத் திரும்ப வந்தது.

என் எதிரில் பிடிக்க மாட்டான். நான் மாடி ஏறும் சத்தம் கேட்டால் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்கும். நான் படியிலேயே நின்று, இருமிவிட்டு, கொஞ்சம் நேரம் கொடுத்துப் போவேன். அவனுக்கும் அது தெரியும். அவன் மனைவி வாய்விட்டுப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். கேரட் நறுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. காலையில் டம்ளரில் வைப்பாள், சாயங்காலம் வதங்கியதை எடுத்துக் கொட்டுவாள்.

ஒரு நாள் அவளிடம், “நான் அன்னிக்கு உன் பேச்சக் கேட்டிருக்கணும்” என்றேன்.

“அவர் கை சொன்னதையே அவர் கேக்காம இருந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி” என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

சுண்டுவிரல் முழுக்கக் கறுத்தது. பிறகு பக்கத்து விரல். பிறகு பாதத்தின் வெளிப்பக்கம். ராத்திரி பகல் என்று இல்லாமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். படுத்தால் வலி கொல்லும். அந்த வலிக்கு அவனுக்குத் தெரிந்த மருந்து எது என்று சொல்லவே வேண்டாம். வலியைக் கொடுத்ததும் அதுதான், கொஞ்ச நேரம் மறக்கடித்ததும் அதுதான்.

பிப்ரவரி 11, திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்த்தோம். வாசலில் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது, சட்டைப் பையில் இருந்த பெட்டியை எடுத்து ஏணியிடம் கொடுத்தான். “மூணு இருக்கு. நீயும் பிடிக்காத” என்றான்.

வார்டில் மறுபடி முதல் நாள். கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். உடம்பு வேர்த்துப் போகும். மாடிப்படி ஓரத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் சிலர் படிக்கட்டில் நின்று புகைப்பார்கள், அது காற்றோடு வரும். ஆறாம் நாள் அவனே நர்ஸைக் கூப்பிட்டு, “சிஸ்டர், என்ன அந்தக் கோடிக்கு மாத்துங்க. இல்லைன்னா நான் தவழ்ந்தாவது அங்க போயிடுவேன்” என்றான். மாற்றினார்கள்.

எட்டாம் நாள் டாக்டர் அம்மா வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்.

“நிறுத்திட்டேனே டாக்டர். எட்டு நாள் ஆச்சு” என்றான் தம்பி. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போன்ற குரல்.

டாக்டர் அவன் வலது பாதத்தைத் தொட்டார், நல்ல பாதத்தை. “அந்தக் காலுக்கு லேட்டாயிடுச்சுங்க. இந்தக் காலுக்கு லேட் இல்ல.”

அவர் போன பிறகு அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அது வெறும் கூரை, ஒரு பூவும் இல்லாதது. “ஒத்தக் கால்ல சாரம் ஏற முடியாது அக்கா” என்றான். முடியாதுதான்.

மறுநாள் காலை நர்ஸ் சம்மதப் படிவத்தையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்தாள். அவன் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் ஒருவரைத்தான் அனுப்ப முடிந்தது, நான் போனேன். எந்தக் காகிதத்திலும் இதுவரை அவன் வைத்தது கட்டைவிரல் ரேகை. நர்ஸ் அவன் விரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தாள். ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. இன்னொரு முறை வைத்தாள், அதுவும் பொட்டு. பிளாஸ்டர் மாவு முப்பது வருஷத்தில் ரேகையைத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தது.

“ரேகையே விழல. சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாலும் சரிதான். அக்கா, நீங்க போடுங்க” என்றாள் நர்ஸ்.

நான் பேனாவை வாங்கினேன். அவன் கையை நீட்டினான்.

“குடு. என் கால்தானே.”

“உனக்கு எழுத வராதேடா.”

“வீட்டு வாசலுக்கெல்லாம் பேர் வார்த்துக் குடுத்திருக்கேன். அவங்க காகிதத்துல காட்டினத அப்படியே செதுக்கினேன். என்ன எழுத்துன்னு தெரியாது, வளைவு தெரியும். என் பேர எழுதிக் காட்டு.”

எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவன் அதைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். விரலால் காற்றில் ஒரு தடவை வரைந்தான். பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனான். கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றி வேர்த்தது. அது ஏறுகிறது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவன் மனைவிக்கும் தெரிந்தது. அவள் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

“சிஸ்டர், கொஞ்சம் பொறுங்க. இது நின்னதும் போடுறேன்” என்றான்.

நர்ஸுக்கு வேறு கட்டில்கள் இருந்தன. இருந்தாலும் நின்றாள். அவன் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். ஆறேழு நிமிடம் ஆனது. பிறகு கண்ணைத் திறந்து, கையை ஒரு உதறு உதறி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் வளைத்து வளைத்து வரைந்தான். ஒரு இடத்திலும் கோடு நடுங்கவில்லை. நான் எழுதிக் காட்டியதைவிட அழகாக இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, அவனுடையது என்று மட்டும் தெரியும்.

கீழே தேதி போடும் இடம் காலியாக இருந்தது. நர்ஸ் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், எண் அவனுக்குத் தெரியும், அதையும் அவனே போட்டான். 19-2-2019, செவ்வாய்க்கிழமை.